ஆமைக்குக் கடிபட்டால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

ஆமையின் ஓட்டில் நாயின் பல் பதிந்தால் 'ஓடுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஓடு உயிருள்ள எலும்பு. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றாகச் சேர்ந்து மேல் ஓடாகியிருக்கின்றன. மேலே மூடியிருப்பவை நம் நகத்தில் இருக்கும் கெராட்டின் என்ற பொருளாலான தகடுகள். உள்ளே ரத்த ஓட்டம் உண்டு, நரம்பு உண்டு, வலியும் உண்டு. மேல் ஓட்டுக்கு நேர் கீழே நுரையீரல் இருப்பதால் ஆழமான பல் துளை ஒவ்வொன்றும் அவசர சிகிச்சைக்குரியது.

புதுச்சேரி, கடலூர் பக்கம் அலங்கார மீன் கடைகளில் விற்பது பெரும்பாலும் சிவப்புக் காது ஸ்லைடர் என்ற ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிதான் அதன் சொந்த ஊர். ஒரே தொட்டியில் இரண்டு மூன்றைப் போட்டால் தீனிக்காகவும் இடத்துக்காகவும் ஒன்றையொன்று வாலிலும் காலிலும் கடித்துக்கொள்ளும். மாடியில் வெயில் காய விட்டால் நாயும் எலியும் வரும்.

கடிபட்டதை உடனே தனியாகப் பிரியுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சலைனால் கழுவி, லேசான டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்த போவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள் தூள், காப்பித் தூள் வேண்டாம். விரிசலை எம்-சீல், ஃபெவிக்விக் போட்டு அடைக்கவே கூடாது; கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

தொட்டித் தண்ணீரில் ஆமையின் கழிவும் அதில் வளரும் பாக்டீரியாவும் இருக்கும். அதனால் தண்ணீர் இல்லாமல், சுத்தமான துணி விரித்த டப்பில், ஈ நுழையாதபடி வலை போட்டு வையுங்கள். நம்மூர் வெக்கையில் புண்ணில் சீக்கிரம் புழு வைத்துவிடும். ஸ்லைடரால் தண்ணீருக்கு வெளியே இரையை விழுங்க முடியாது. எனவே தினம் ஒரு மணி நேரம் ஆழமில்லாத சுத்தமான தண்ணீரில் விட்டுத் தீனி கொடுங்கள். துளை ஆழமாக இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை அதுவும் வேண்டாம்.

அப்புறம், சூடு. ஆமையின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. உடல் குளிர்ந்தால் நோய் எதிர்ப்பும் மந்தமாகும், புண்ணும் ஆறாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலே இருக்காது. பல்பு போட்டு 30 டிகிரி அளவில் ஓர் இடம் வைத்துத்தான் ஆக வேண்டும். அதற்காகச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விட்டால் செத்துப்போகும்.

ஆமையின் சீழ் நம் சீழைப் போல ஒழுகாது. திசுவைக் கரைத்து நீராக்கும் நொதிகள் நம் வெள்ளணுக்களில் உண்டு. ஆமையின் வெள்ளணுக்களில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதனால் சீழ் பனீர் போலக் கெட்டியாகி, சுற்றிலும் உறை கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் உள்ளே போய்ச் சேராது, பிதுக்கினாலும் வராது. மருத்துவர் கீறி உறையோடு எடுக்க வேண்டும். கடிபட்டுச் சில வாரம் கழித்துச் சின்ன வீக்கம் வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. ஆமைக்கு ஊசியை வழக்கமாக முன்னங்காலில்தான் போடுவார்கள். பின்னங்கால் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போக வாய்ப்பு உண்டு; மருந்து அங்கேயே வடிந்துவிடலாம். நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து வீட்டில் இருந்தால் ஆமைக்குக் கொடுத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. ஓடு உடைந்திருந்தால் எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடம்கூடப் பிடிக்கும்.

ஊசுட்டேரிக் கரையிலோ வயல் வரப்பிலோ நாய் கடித்த பால் ஆமை (நம்மூர் ஏரி, குளங்களில் வாழும் ஆமை) கிடைத்தால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது. துணியால் மூடிய, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து அன்றைக்கே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.