ஐப்பசியில் வரும் அட்வான்ஸ்

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு செங்கல் சூளையில், காயப் போட்டிருந்த பச்சைக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு வரிசைக்கு 25 கல், நாற்பது வரிசை போட்டால் ஆயிரம், அதில் ஏழு வரிசை குறைந்தால் எத்தனை என்று நான் கேட்டு முடிப்பதற்குள் 825 என்று சொல்லிவிட்டான். சில மாதம் கழித்து அதே பையனை அவன் சொந்த ஊரில் பள்ளிக்கு அழைத்துப் போனபோது, "கணக்கும் வராது, எழுத்தும் வராது, இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது" என்றார்கள். எழுத்து வராதது உண்மைதான். மூன்று வருடமாக ஒவ்வொரு தை மாதமும் பாதிப் படிப்பில் கிளம்பிப் போனவனுக்கு எப்படி வரும்?

நான் சமூகப் பணியாளர். பதினான்கு வருடமாக வட மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் என்று பிழைக்கப் போகும் குடும்பங்களோடுதான் என் வேலை. அவர்களில் பெரும்பாலானவர்கள் இருளர் பழங்குடியினர். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை, "அவங்களுக்குப் படிப்போட அருமை தெரியலைங்க" என்பது. படித்தவர்கள், அதிகாரிகள், நல்ல மனசோடு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறவர்கள்கூட இதைச் சொல்வார்கள். அது உண்மையில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது தை மாதம்தான். ஆனால் அது முடிவாவது ஐப்பசியில், அவர்கள் வீட்டு வாசலில்.

மழைக்காலத்தில் கூலி வேலை இருக்காது. கூரை ஒழுகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஏற்கெனவே வாங்கின கைமாத்து கழுத்தை நெரிக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் சூளை மேஸ்திரி வருவார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து அட்வான்ஸ். இந்தப் பையன் வீட்டில் வாங்கியது 45,000 ரூபாய், அவன் தங்கச்சியின் வைத்தியத்துக்காக. வங்கி கொடுக்காத பணம், சொந்தக்காரர்களிடம் இல்லாத பணம், பத்திரம் கித்திரம் எதுவும் கேட்காமல் கைக்கு வருகிறது. நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் வாங்கித்தான் இருப்போம்.

அப்புறம் பொங்கல் முடிந்ததும் லாரி வரும். சூளையில் கூலி நாள் கணக்கில் இல்லை, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வெயில் ஏறுவதற்கு முன்னால் அறுத்து முடிக்க வேண்டும் என்பதால் ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து அப்பா மண் குழைக்க, அம்மா அச்சில் அடிக்க, காலையில் பிள்ளைகள் கல்லைப் புரட்டிப் போடுவார்கள். பிள்ளைக்கென்று தனிக் கூலி கிடையாது. ஆனால் அந்தச் சின்னக் கை இல்லாவிட்டால் நாளைக்கு இருநூறு, முந்நூறு கல் குறையும், குறைந்தால் கடன் நிற்கும். வாரா வாரம் சந்தைச் செலவுக்குக் கொஞ்சம் காசு தருவார்கள், அதையும் அட்வான்ஸோடு சேர்த்து எழுதிக்கொள்வார்கள். மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் அந்த உழைப்பு கணக்கில் வராது. சீசன் முடிந்து ஆனியில் கணக்குப் பார்த்தபோது அந்த வீட்டுக்கு இன்னும் 17,000 பாக்கி என்றார்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருந்தது, இவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இது சட்டப்படி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அட்வான்ஸைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமலோ, ஊருக்குப் போக விடாமலோ வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை, அந்தக் கடன் செல்லாது. வருவாய்க் கோட்டாட்சியரோ மாவட்ட ஆட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். "பிள்ளைங்க அவங்க அப்பா அம்மாவுக்கு உதவி பண்றாங்க, நாங்க வேலைக்கு வைக்கலை" என்று சூளைக்காரர்கள் சொல்வதும் எடுபடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் சூளை அந்தக் குடும்பத்தின் தொழில் இல்லையே. 14 வயது முடியாத பிள்ளை எங்கே வேலை செய்வதைப் பார்த்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மீட்டுக்கொண்டு வந்தால் மட்டும் முடிந்துவிடாது. மீட்ட குடும்பம் அடுத்த வருடமே இன்னொரு சூளைக்குப் போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. ஏனென்றால் ஐப்பசி மறுபடியும் வரும்.

அதனால் நாங்கள் இப்போது முதலில் பார்ப்பது காகிதங்களை. ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ். இருளர் குடும்பத்துக்குப் பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்காக அலைந்து அலைந்து கூலியை இழந்து, கடைசியில் வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் விடுதியில் இடம், உதவித்தொகை, பின்னால் கல்லூரி, எல்லாமே தடுக்கி நிற்கும். சேர்க்கைக்கு மட்டும் எந்தக் காகிதமும் தடையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்றோ, டி.சி. வரவில்லை என்றோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும். அந்தச் சூளைப் பையனையும் டி.சி. கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை சட்டப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போனேன், சேர்த்துக்கொண்டார்கள்.

நல்லது நடக்கும்போது அதையும் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. சூளைக்குப் பக்கத்துப் பள்ளிகளில் அதற்கு முன்னும் பின்னும் எப்படி என்று நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மண்ணில் இறங்கும் அம்மா எட்டு மணிக்கு எப்படிச் சமைப்பாள்? மதியச் சாப்பாடு வரைக்கும் வெறும் வயிற்றோடு உட்கார முடியாமல்தான் பாதிப் பிள்ளைகள் வராமல் இருந்தார்கள். இப்போது உப்புமா, பொங்கல் கிடைக்கும் என்று சின்னது பெரியதின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒடிசாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகத் திருவள்ளூரில் சூளைக்குப் பக்கத்திலேயே ஒடியாப் பாடநூல் வரவழைத்து வகுப்பு நடத்தியதும் உண்டு. தாய்மொழியில் எழுத்தைப் பார்த்ததும் அந்த முகங்கள் மலர்ந்ததை மறக்க முடியாது.

இரண்டாவது, மழைக்காலத்துப் பணம். பெரிய தொகை தேவையில்லை. வட்டியில்லாமல், அல்லது குறைந்த வட்டியில், புரட்டாசி கடைசிக்குள் ஐயாயிரமோ பத்தாயிரமோ கைக்குப் போய்விட்டால் போதும், மேஸ்திரி வரும்போது "இந்த வருஷம் யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லும் தைரியம் வந்துவிடும். மகளிர் குழுக்கள் இதைச் செய்ய முடியும், ஆனால் ஆறு மாதம் ஊரில் இல்லாதவர்களைக் குழுவில் சேர்க்கத் தயங்குகிறார்கள். தவணையைச் சூளைக் காலத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு குழுவாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம். நோட்டுப் புத்தகம், பிறந்தநாள் சாப்பாடு என்று செலவு செய்கிறவர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் ஊரில் இப்படி ஒரு குடியிருப்பு இருந்தால், புரட்டாசியில் போய் எந்த வீட்டில் என்ன கடன் என்று கேளுங்கள்.

போன ஐப்பசியில் அந்தப் பையனின் அம்மா போன் செய்தார். "அக்கா, மேஸ்திரி வந்து உக்காந்திருக்காருக்கா. ஐம்பதாயிரம் தரேங்கிறாரு. என்ன பண்ணட்டும்?" சின்னவளுக்கு மறுபடி உடம்பு சரியில்லை, கையில் இருந்தது நூற்று இருபது ரூபாய். சாயங்காலம் வரை அவரை எப்படியாவது நிறுத்தி வையுங்கள் என்றேன். குழுவிலிருந்து எட்டாயிரம் ஏற்பாடாகும்போது மணி ஏழு. சின்னவளை அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அட்வான்ஸ் வாங்காமல் அப்பா மட்டும் நாள்கூலிக்குச் செங்கல்பட்டு பக்கம் கட்டட வேலைக்குப் போனார், அம்மாவும் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்தார்கள். தை பிறந்து லாரி வந்த அன்று அந்தக் குடியிருப்பிலிருந்து ஒன்பது குடும்பம் ஏறியது. இவர்கள் ஏறவில்லை. பையன் வாசலில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து.