மலைச்சரிவில் கல் விழாமல் தடுக்கக் கட்டும் கம்பி வலைக்குப் பின்னால் இருப்பது பாறையா, செம்மண்ணா?

கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் மலையை வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். செம்மண்ணில் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். சில ஆட்டுக்கல் அளவு, சில கார் அளவு. நீலகிரியின் சார்னகைட் என்னும் கடினப் பாறையில் விரிசல் வழியே நீர் இறங்கி, காலப்போக்கில் பாறையை மண்ணாக்கிவிட்டது. விரிசல்களுக்கு நடுவே கரையாமல் மிஞ்சியவைதான் இந்த உருண்டைகள். இவற்றைப் பிடித்து வைத்திருப்பது அந்த மண் மட்டுமே.

இங்கே கல் விழ நாள் குறிப்பது வடகிழக்குப் பருவமழை. 1993இல் இந்தச் சாலையிலுள்ள மரப்பாலம் என்ற இடம் சரிந்ததும், 2009இல் நீலகிரி மாவட்டத்தின் பல இடங்கள் சரிந்ததும் நவம்பரில்தான்.

ஒரு கன மீட்டர் கல் சுமார் 2.7 டன். 20 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுந்தால் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடிக்கும்; அதன் ஆற்றல் சுமார் 530 கிலோஜூல். கல்லின் அகல நீள உயரம் இரண்டு மடங்கானால் எடையும் ஆற்றலும் எட்டு மடங்கு. ஆகவே சராசரிக் கல்லை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மேலே தெரியும் மிகப் பெரிய கல்லை ஏறிப்போய் அளக்க வேண்டும். 2.7 மில்லிமீட்டர் கம்பியில் பின்னிய அறுகோண வலை சிறு கற்களை அடிவாரத்துக்கு வழுக்கி இறக்கும், அவ்வளவே. கார் அளவுக் கல்லை இரும்பு வடத்தால் தனியாகக் கட்ட வேண்டும், அடியில் கான்கிரீட் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது வெடிவைக்காமல் பிளந்து இறக்க வேண்டும்.

அதிகம் தவறுவது ஆங்கரில்தான், அதாவது வலையையும் வடத்தையும் பிடித்து நிற்கத் துளையிட்டு இறக்கும் கம்பியில். துளை போடும்போது கடினமாகத் தட்டியதும் அடிப்பாறை வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னொரு உருண்டையாக இருக்கலாம்! வெளிவரும் தூளைப் பாருங்கள். சாம்பல் நிறம் வந்த பிறகு மறுபடி சிவந்தால், துளை கல்லைக் கடந்து மண்ணுக்குள் போய்விட்டது. கெட்டிப் பாறையில் தொடர்ந்து மூன்று மீட்டராவது போனால்தான் நம்பலாம். கம்பியைச் சுற்றித் துளையில் நிரப்பும் சிமெண்ட் பாலுக்கு 50 கிலோ மூட்டைக்கு 20 முதல் 22 லிட்டர் தண்ணீர். எளிதாக இறங்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் காய்ந்து சுருங்கி, கம்பியை விட்டுவிடும். சில ஆங்கர்களையாவது ஜாக் வைத்து இழுத்துச் சோதிக்காமல் வேலையை ஏற்கக் கூடாது.

தூண் நட்டுக் கட்டும் தடுப்பு வலை, கல்லை நிறுத்தும்போது சில மீட்டர் முன்னே இழுபடும். அந்த இடைவெளி விடாமல் சாலையோரத்திலேயே நட்டால், வலையோடு சேர்ந்து கல்லும் பேருந்தின் மேல் வரும்.

இவ்வளவு செய்தும் நீருக்கு வழி விடாவிட்டால் பயனில்லை. செம்மண் சரிவில், நீர் வெளியேற விடும் வடிதுளை இல்லாமல் கான்கிரீட் பூசுவது மிக மோசமான வேலை. பின்னால் தேங்கும் நீர் மொத்தத்தையும் தள்ளிவிடும். சரிவின் உச்சிக்கு மேலே கசியாத மழைநீர் வாய்க்கால் வேண்டும். செப்டம்பருக்குள் அதைத் தூர்வாரி, வலையின் அடியில் சேர்ந்த கற்களையும் அள்ளிவிட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்து வெட்டுபவர்கள் பாதி தெரியும் கல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். உச்சியில் புது விரிசல், சாயும் சில்வர் ஓக், வடிதுளையில் திடீரென்று கலங்கல் நீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தப் பக்க அறையில் படுக்காமல் வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.