புள்ள வந்துச்சு

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், அன்றைய பேரையும் (நாள் சம்பளத்தையும்) விட்டுவிட்டு, இருபது வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெயர், தோட்டம், டிவிசன் எல்லாம் எழுதிய பேனை, படிவத்தில் 'ஆண் / பெண்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று படிவத்தை வாங்கி வைத்தேன்.

"கொழும்புக் கடையில வேலைக்கு நின்ன புள்ள, மிஸ். தீவாளிக்கு வந்துச்சு. அதுலருந்து லயத்து வீட்ட விட்டு எறங்கவே இல்ல. சோறும் வேணாங்குது" என்றார் தாய்.

பிள்ளை என்றால் 'வந்துச்சு'தானே. நம் வீடுகளில் அது செல்லம். எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலோ "அது போகுது பாரு" என்று சிரிக்கிறார்களாம். அதே 'அது' அங்கே ஆளை மனிதர் வரிசையிலிருந்தே தள்ளிவிடுகிறது.

தமிழில் 'வந்தேன்' என்பதற்கும் 'வந்தீங்க' என்பதற்கும் ஆண், பெண் கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இருவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போதுதான் 'வந்தானா, வந்தாளா' என்று மொழி நம்மை நெருக்குகிறது. என் குறிப்புகளில் எல்லாருக்கும் 'வந்தார்' என்றே எழுதுகிறேன்.

திருநங்கை, திருநம்பி என்ற சொற்களை மதிக்கிறேன். வசையை மட்டுமே கேட்டு வளர்ந்த பலரைத் தலைநிமிர வைத்த சொற்கள் அவை. ஆனால் இந்தப் பிள்ளை சொன்னது வேறு: "கடையில ஒரு அக்கா, நீ திருநங்கைதான்னு சொன்னாங்க. நல்ல சொல்லுதான் மிஸ். அது நானான்னு எனக்கு இன்னும் தெரியல." தெரியும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். தன்னை யாராக உணர்கிறோம் என்பது ஒன்று, யார்மேல் மனம் போகிறது என்பது வேறொன்று. தான் ஆண் என்பதில் துளிச் சந்தேகமும் இல்லாமல் ஆண்களை விரும்புபவரையும் ஊர் அதே வசையால்தான் கூப்பிடுகிறது.

"இது என்ன வருத்தம் மிஸ்?" என்று தாய் கேட்டார். வருத்தமே இல்லை, நோயே இல்லை என்றேன். ஒருபாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறப்பில் பதிந்த பாலும் உணரும் பாலினமும் பொருந்தாதிருப்பதும், 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் மனநோய்களோடு இல்லை. ஊரின் ஏளனத்தால் தூக்கமும் சோறும் போயிருக்கிறதே, அதற்குத்தான் உதவி வேண்டும்.

2016இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றால் பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அந்த வழியையும் பிள்ளையிடம் சொன்னேன்.

"இப்ப வேணாம் மிஸ்."

சரி என்றேன். அடுத்த கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டோம்.