கழிப்பறை: அந்தச் சொல்லில் இருக்கும் 'அறை'

'கக்கூஸ்' தமிழ்ச் சொல் இல்லை என்பது பலருக்குத் தெரியும். ஆங்கிலமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது டச்சு. அந்த மொழியில் 'காக்' என்றால் மலம், 'ஹௌஸ்' என்றால் வீடு. இரண்டும் சேர்ந்த 'காக்ஹௌஸ்' நம் வாயில் புகுந்து, நடுவிலிருந்த ஹகரம் கரைந்து, கக்கூஸ் ஆகிவிட்டது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பழவேற்காட்டுக்கு வந்து கோட்டை கட்டினார்கள். 1658இல் நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மூன்றும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தன. 1663இல் கொச்சி. நம் ஆட்கள் ஒல்லாந்தர் என்று அழைத்தது இவர்களைத்தான். அவர்கள் தங்கிய இடங்களில் எல்லாம் இந்தச் சொல்லும் தங்கிவிட்டது. மலையாளத்திலும் கக்கூஸ்தான். சிங்களத்தில் கக்குஸ்ஸி. இந்தோனேசிய மொழியில் காக்குஸ். நாம் சொல்லும் 'துட்டு' அவர்களுடைய செப்புக்காசின் பெயர். ஈழத்தில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பார்கள், அதுவும் அவர்கள் விட்டுப்போனதுதான். இன்று டச்சுக்காரர்களிடம் 'காக்ஹௌஸ்' என்றால் அது பழைய, கொச்சையான சொல். அவர்களும் டாய்லெட்டுக்கு மாறிவிட்டார்கள்.

நம் வீடுகளில் சின்னக் குழந்தையிடம் "கக்கா போறியா?" என்று கேட்கிறோம் அல்லவா? அந்தக் 'கக்கா' ஏற்கெனவே இருந்ததால்தான் கக்கூஸ் அந்நியமாகத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

சரி, அதற்கு முன் நாம் என்ன சொன்னோம்? ஊர்ப்பேச்சை நினைத்துப் பாருங்கள். கொல்லைக்குப் போதல், வெளிக்குப் போதல், காட்டுக்குப் போதல், கம்மாக்கரைக்குப் போதல், ஒதுங்குதல். இவற்றில் ஒன்றுகூட ஒரு கட்டடத்தின் பெயர் இல்லை. எல்லாம் போகிற திசையைச் சொல்கின்றன, வீட்டைவிட்டு வெளியே என்று சொல்கின்றன. கட்டடம் இல்லாத இடத்தில் கட்டடத்துக்குப் பெயர் எதற்கு? கட்டடம் வந்தபோது அதைக் கொண்டுவந்தவர்களின் பெயரே ஒட்டிக்கொண்டது. கக்கூஸ் என்ற கடன்சொல்லை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வெளிப்படையாகச் சொல்லக் கூசும் ஒன்றைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயர். பள்ளியில் தகுதி வழக்கு மூன்று என்று படித்திருப்போம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. 'கால் கழுவி வந்தான்' என்பது பாடப்புத்தகத்து எடுத்துக்காட்டு. தொல்காப்பியர் இதை "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறார். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லுக என்பது பொருள். சொன்னதோடு விடவில்லை, அவரே செய்தும் காட்டியிருக்கிறார். ஆ என்பதோடு 'பீ' சேர்ந்தால் ஆப்பி ஆகும், அதாவது பசுஞ்சாணம். எழுத்ததிகாரத்தில் அந்த விதியைச் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது அவர் அந்த ஓரெழுத்துச் சொல்லை எழுதவில்லை. "ஆன்முன் வரூஉம் ஈகார பகரம்" என்று எழுதினார். பகரத்தின் மேல் ஈகாரம் ஏறிய எழுத்து, நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். முதன்முதலில் இதைப் படித்தபோது அத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய ஒருவருடைய கூச்சம் அப்படியே கையில் கிடைத்தது போல இருந்தது.

ஆனால் அடுத்த நூற்பாவையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்." மறைத்துச் சொல்லும்போதும், வழக்கத்தில் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டாம் என்கிறார். பழகிய சொல்லுக்குக் கூச்சம் தேவையில்லை. இந்த இரண்டாவது வரியை நாம் மறந்துவிட்டோம்.

மறந்ததால் என்ன ஆனது? ஒரு சொல் பழகியதும் அதைக் கைவிட்டு, பொருள் பிடிபடாத இன்னொரு சொல்லுக்கு ஓடுகிறோம். கக்கூஸிலிருந்து லெட்ரின், லெட்ரினிலிருந்து பாத்ரூம், அப்புறம் டாய்லெட், இப்போது ரெஸ்ட் ரூம், வாஷ் ரூம். இந்தச் சொற்களும் அந்தந்த மொழியின் இடக்கரடக்கல்கள்தான். லெட்ரினின் மூலம் லத்தீன், கழுவும் இடம் என்று பொருள். டாய்லெட் பிரெஞ்சில் ஒரு சின்னத் துணி. ஒப்பனை மேசைமேல் விரிக்கும் துணி ஒப்பனைக்கு ஆகி, ஒப்பனை அறைக்கு ஆகி, கடைசியில் இங்கே வந்து நின்றது. வடநாட்டில் எழுதும் 'ஷௌசாலயா'வும் அப்படித்தான், தூய்மையின் இல்லம் என்று பொருள். எல்லா ஊரிலும் மனிதன் ஒரே மாதிரிதான் கூசுகிறான்.

கக்கூஸ் என்ற சொல்லை நாம் கைவிட்டதற்கு வெறும் நாகரிகம் மட்டும் காரணமில்லை. அந்தச் சொல்லோடு 'எடுப்புக் கக்கூஸ்' என்ற இன்னொன்றும் ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் வசதி கிடையாது. வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அதன் வழியாக இன்னொரு மனிதர் கையை விட்டு வாரி, வாளியிலோ கூடையிலோ சுமந்துபோக வேண்டும். அந்த வேலை சாதியைப் பார்த்து ஒரு சிலர் தலையில் கட்டப்பட்டது. இதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, அது போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. இரண்டுக்கும் நடுவில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மனிதக் கைகள் மலம் அள்ளிய வீடுகள் 7,94,390 என்று பதிவாகியிருக்கிறது. 'கக்கூஸ்காரர்' என்பது ஒரு மனிதரைச் சிறுமைப்படுத்தும் அழைப்பாக இருந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் நாற்றம் டச்சுக்காரன் கொண்டுவந்தது இல்லை, நாம் சேர்த்தது. அதனால்தான் சொல்லை மாற்றியதோடு நம் பங்கு தீர்ந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வேர் 'கழி'. கழிதல் என்றால் நீங்குதல், கழித்தல் என்றால் நீக்குதல். பொழுதைக் கழிக்கிறோம், கணக்கில் கழிக்கிறோம், போகியன்று பழையதைக் கழிக்கிறோம். உடம்பிலிருந்து நீக்குவதும் இதே கழித்தல். இதிலிருந்து மூன்று சொற்கள் இன்று புழங்குகின்றன: கழிப்பறை, கழிவறை, கழிப்பிடம். மூன்றும் ஒன்றுதானே என்று எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு அப்படி இல்லை.

கழிப்பு என்பது செயல். கழிவு என்பது பொருள். கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு என்கிறோம் அல்லவா, அந்தக் கழிவு. அப்படியானால் கழிவறை கழிவுக்கான அறை. கழிப்பறையோ ஒரு ஆள் வந்து கழிப்பதற்கான அறை. முதலாவதில் மலம் முன்னால் நிற்கிறது, இரண்டாவதில் மனிதர் முன்னால் நிற்கிறார். நான் கழிப்பறை என்றுதான் எழுதுவேன். கழிவறை பிழையான சொல் என்று சொல்ல மாட்டேன், செய்தித்தாளிலும் பேச்சிலும் அது நன்றாகவே வேரூன்றிவிட்டது.

கழிப்பிடம் இன்னும் பரந்த சொல். பேருந்து நிலையங்களில் 'நவீன கட்டணக் கழிப்பிடம்' என்று எழுதியிருக்கும். வரிசையாக அறைகள், தொட்டி, குளியலிடம் எல்லாம் சேர்ந்த வளாகத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. இடம் என்றால் சுவர் வேண்டியதில்லை. 'திறந்தவெளிக் கழிப்பிடமாக மாறிய கால்வாய்க் கரை' என்று நாளிதழில் வாரம் ஒருமுறையாவது படிக்கிறோம். 'திறந்தவெளிக் கழிப்பறை' என்று எழுதினால் எனக்கு இடிக்கிறது. அறை என்று சொன்ன உடனே நான்கு சுவர், ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள் எல்லாம் வந்துவிடுகின்றன. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே அந்த 'அறை'தான்.

இலங்கையில் பலகைகளில் 'மலசலகூடம்' என்று எழுதுகிறார்கள். மலம், சலம், கூடம். அங்கே சலம் என்றால் சிறுநீரும்தான். 'சலம் போகுது' என்பது அங்குள்ள பேச்சு. இரண்டு வேலையையும் பெயர் சொல்லி, கூசாமல், ஒரு கட்டடத்தின் பெயராக நிறுத்தியிருக்கிறார்கள். தொல்காப்பியரின் இரண்டாவது வரிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்த 'அறை' எத்தனை பேருக்குக் கிடைத்தது? 2011 கணக்கெடுப்பில் வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த வீடுகள் 46.9 சதவீதம். பாதிக்குமேல் வீடுகளில் இல்லை. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கி, ஐந்து ஆண்டில் கிராமங்களில் பத்துக் கோடிக்கும் மேல் கட்டினார்கள். 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பதிலிருந்து விடுபட்டதாக அறிவிப்பு வந்தது. அதை ஒட்டி நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 2019 முதல் 2021 வரை, 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. கட்டியது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் கட்டியதும் தண்ணீர் வருவதும் வேறுவேறு.

வீட்டுக் கழிப்பறையை எண்ணிவிடலாம். வீட்டுக்கு வெளியே இருப்பதுதான் சிக்கல். காலை நான்கு மணிக்குக் கூடையோடு சந்தைக்கு வந்து மாலைவரை உட்காரும் பூக்காரம்மா, பகல் முழுக்கத் தெருவைக் கூட்டும் பெண், பேருந்தில் ஒன்பது மணி நேரம் நிற்கும் நடத்துநர், இவர்களுக்கு வீட்டில் கழிப்பறை இருந்து என்ன பயன்? கட்டணக் கழிப்பறை என்ற யோசனையைப் பரவலாக்கியவர் பிந்தேஷ்வர் பாடக். 1970இல் அவர் தொடங்கிய அமைப்பு 1974இல் பாட்னாவில் முதல் கட்டணப் பொதுக் கழிப்பறையைத் திறந்தது. அமைப்பின் பெயர் 'சுலப்'. நம் 'சுலபம்'தான் அது. எளிதில் கிடைப்பது என்று பொருள். வடக்கே பல ஊர்களில் அந்தப் பெயரே பொதுக் கழிப்பறைக்குப் பெயராகிவிட்டது.

எளிதில் கிடைப்பது என்பதில் விலையும் அடங்கும். நம் ஊர்க் கட்டணக் கழிப்பிட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பது, "ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?" என்ன சொல்கிறோமோ அதற்குத் தகுந்தபடி காசு. முன்பின் தெரியாத ஆளிடம், வரிசையில் பத்துப் பேர் கேட்க, ஒரு பெண் அதைச் சொல்லியாக வேண்டும். மும்பையில் ஆண்களுக்குச் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களுக்குக் கட்டணம் என்று இருந்ததை எதிர்த்து 2011 முதல் பெண்கள் இயக்கம் நடத்தினார்கள். பயணம் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. என் வீட்டிலும் உண்டு.

2016 முதல் கூகுள் வரைபடத்தில் பொதுக் கழிப்பறைகளைக் குறிக்கும் வேலை அரசு உதவியோடு நடந்தது. நல்ல உதவி அது. ஆனால் இடம் காட்டும் புள்ளிக்குக் கதவு பூட்டியிருப்பது தெரியாது.

தென்மாவட்டத்துப் பேருந்து நிலையம் ஒன்றில், விடிவதற்கு முன்னால், மஞ்சப்பையும் தூக்குவாளியுமாக ஒரு பாட்டி என்னிடம் வந்து, "தாயி, இங்க கக்கூஸு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இருபதடி தூரத்தில் இருந்தது. புதுப் பலகை, பளிச்சென்று விளக்கு, தமிழ் எழுத்தில் 'ரெஸ்ட் ரூம்'. பாட்டி படிக்கத் தெரிந்தவர். "அத ரெண்டு தடவ பாத்துட்டேன். டிரைவருங்க படுக்குற ரூம்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். தப்பு அவர்மேல் இல்லை, ரெஸ்ட் என்றால் ஓய்வுதானே. அந்தப் பலகையில் கழிப்பறை என்றோ, கக்கூஸ் என்றோ எழுதியிருந்தால் அரை மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க மாட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நான்கு கதவு. இரண்டில் பூட்டு, ஒன்றில் தண்ணீர் இல்லை. நான்காவதில் தண்ணீர் வந்தது, ஆனால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. பாட்டி பையையும் வாளியையும் என் கையில் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் கதவப் புடிச்சுக்க ஆத்தா" என்றார். வெளியே நின்று பிடித்துக்கொண்டேன்.