தணிவது குற்றமா, தண்டனையா?

கோபிசெட்டிபாளையத்தில் என் அக்கா வீட்டில், தமிழில் குரல் மாற்றப்பட்ட வெளிநாட்டு நெடுந்தொடர் ஒன்று மாலைதோறும் ஓடும். சென்ற வாரம் அதில் ஒரு நீதிமன்றக் காட்சி வந்தது. மாற்றாந்தந்தையிடம் ஆண்டுக்கணக்கில் அடியும் அவமானமும் பட்டு வளர்ந்த ஓர் இளைஞன், அந்தக் கொடுமையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொருவரைக் கொன்றுவிடுகிறான். தீர்ப்பளிக்கும் நீதிபதியின் வாயில் தமிழ் வசனம் இப்படி வந்தது: “உன் குற்றத்தை நியாயப்படுத்தும் சூழ்நிலைகளை இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது.” அதே மூச்சில் பதினைந்து ஆண்டுச் சிறை என்றும் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பி, “ஏந் தம்பி, அவன் பண்ணுனது ஞாயம்னு அவரே சொல்லிப்போட்டாரு, அப்பறம் எதுக்குப் பதினஞ்சு வருசம் செயிலு?” என்று கேட்டார்.

அக்காவின் கேள்வியில் பிழை இல்லை. பிழை முழுவதும் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. இதே சொற்றொடரை நான் கேட்பது இது முதல் முறையும் அன்று; நம் ஊரிலேயே எடுக்கப்படும் தொடர்களின் வழக்கறிஞர் பாத்திரங்களும் இப்போது இப்படித்தான் பேசுகிறார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூலத்தில் அந்த நீதிபதி சொல்லியிருக்கக்கூடியது ‘மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்’ என்பது. இலத்தீனில் ‘மிட்டிஸ்’ என்றால் மென்மையானது. அதனோடு ‘செய்தல்’ என்னும் பொருளுள்ள வினை சேர்ந்து, மென்மையாக்குதல் என்ற பொருளில் ‘மிட்டிகேர்’ ஆயிற்று. ‘சர்கம்ஸ்டன்ஸ்’ என்பதன் வேர்ப்பொருள் சூழ நிற்பது. நம் ‘சூழ்நிலை’ அதற்கு எழுத்துக்கு எழுத்து ஒத்து வருகிறது. ஆகவே அச்சொற்றொடரில் சிக்கல் முதற்சொல்லில்தான் உள்ளது. மென்மையாக்குதல் என்று சொல்லும்போது எதை மென்மையாக்குவது என்ற வினா உடனே எழ வேண்டும். அந்த வினாவைக் கேட்காமல் மொழிபெயர்த்ததால் வந்த வினைதான் ‘நியாயப்படுத்தும் சூழ்நிலை’.

ஒரு செயலை நியாயப்படுத்துவது என்றால் அது குற்றமே இல்லை என்று நிறுவுவது. நம் சட்டத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. தன்னைக் கொல்ல வருபவனை எதிர்த்துத் தாக்கியவர் தற்காப்புரிமையின்கீழ் வருகிறார். அவர் செய்தது குற்றமாகாது, எனவே தண்டனை என்ற பேச்சே எழாது. சித்தம் பிறழ்ந்த நிலையில், தான் செய்வது இன்னதென்று அறியாமல் செய்தவருக்கும் குற்றப்பொறுப்பு இல்லை. ஆனால் அவர் செயலை எவரும் நியாயம் என்று சொல்வதில்லை, அவர்மீது பொறுப்பை ஏற்ற முடியாது என்றுதான் சொல்கிறார்கள். நாம் பேசும் சொல் இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, செய்தவர் பொறுப்பாளி என்றும் முடிவாகிவிட்டது. அதன் பிறகு, எவ்வளவு தண்டனை என்ற ஒரே கேள்வி எஞ்சி நிற்கும்போதுதான் இச்சொல் நீதிமன்றத்துக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் ‘நியாயம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து வைப்பது, முடிந்துபோன வழக்கை மறுபடியும் தொடக்கத்துக்கே தள்ளிவிடுகிறது.

கொங்கு நாட்டில் இந்தக் கேடு இன்னும் ஒரு படி கூடுதல். எங்கள் பக்கம் ‘ஞாயம்’ என்பது மிகப் புழக்கமான சொல். திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் “ஞாயம் பேசிக்கிட்டு இருக்கறாங்க” என்போம். பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு வந்து ஊர்ப் பெரியவர்கள் கூடினாலும் அதுவும் ஞாயந்தான். இரு தரப்பும் தத்தம் ஞாயத்தைச் சொல்லும். கடைசியில் ஒருவர் பக்கம் ஞாயம் இருப்பதாக முடிவாகும். அந்தச் சொல்லுக்குப் பழகிய காதில் ‘குற்றத்தை நியாயப்படுத்தும்’ என்று விழுந்தால், கொலையுண்டவர் பக்கம் ஞாயம் இல்லை என்றே பொருள்படும். செத்துப்போனவரின் தாய் அந்தக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை வசனம் எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த போட்டிச் சொல் ‘குற்றத்தணிப்பு’. இதைப் படித்தவர்கள் எழுதுகிறார்கள் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தணிப்பு’ என்ற பகுதியைச் சரியாகப் பிடித்தவர்கள், முன்னொட்டில் தவறிவிட்டார்கள். குற்றம் தணிகிற இடம் ஒன்று சட்டத்தில் உண்டு. கடுமையான திடீர்ச் சினமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து ஒருவர் உயிர் போக்கிவிட்டால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்குப்படி அது கொலை என்ற நிலையிலிருந்து இறங்கி, கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகிவிடும். 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே விதிவிலக்கு 101ஆம் பிரிவில் இருக்கிறது. அங்கே குற்றத்தின் பெயரே மாறுகிறது. அதைக் குற்றத்தணிப்பு என்று எவராவது எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பத்து வயதில் பட்ட அடி, முப்பது வயதில் செய்த கொலையின் பெயரை மாற்றுவதில்லை. கொலை கொலையாகவே நிற்கிறது. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும் தட்டில் மட்டும் அந்த அடி ஓர் எடையாக வைக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், சட்டம் பயிலும் மாணவருக்கே குழப்பம் வரும். தொடர் பார்ப்பவருக்கு வராமல் என்ன செய்யும்?

‘தண்டனைக் குறைப்பு’ என்று எழுதலாமே என்பார் உளர். அச்சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. தீர்ப்பு வந்து, சிறைக்குப் போன பிறகு அரசு தண்டனைக் காலத்தைக் குறைப்பதற்கும், தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றுவதற்கும் செய்தித்தாள்கள் அதையே வழங்குகின்றன. ‘கருணை’யும் அப்படித்தான். அரசியலமைப்பின் 72ஆம், 161ஆம் உறுப்புகளின்கீழ் குடியரசுத் தலைவரிடமும் ஆளுநரிடமும் வைக்கப்படுவது கருணை மனு. விசாரணை நீதிபதி முன் சிறுவயதுத் துன்பத்தைச் சொல்வது கருணை வேண்டுதல் அன்று. கேட்கப்பட வேண்டிய உண்மையைக் கேளுங்கள் என்று உரிமையோடு வைப்பது அது.

எஞ்சுவது ‘தணிப்பு’. ‘தண்’ என்ற குளிர்ச்சி வேரிலிருந்து வந்த தணிதல் தமிழின் சொந்தச் சொல். காய்ச்சல் தணியும், சினம் தணியும், தாகம் தணியும். முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்று தலவரலாறு சொல்லும். பேரிடர் தணிப்பு, காலநிலை மாற்றத் தணிப்பு என்று அரசு ஆவணங்களிலும் இதே ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக ஏற்கெனவே புழங்குகிறது. அதைவிட முக்கியமானது, தணிதல் என்பதில் பொருள் அழிவதில்லை என்பதுதான். கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைகளில் கொப்பரையில் பாகு பொங்கி வரும்போது, அடுப்புக்குள் சக்கை தள்ளுவதைக் குறைத்துத் தீயைத் தணிப்பார்கள். தீயும் எரிந்துகொண்டிருக்கும், பாகும் கொதித்துக்கொண்டிருக்கும். கொதியின் மூர்க்கம் மட்டும் இறங்கும். தண்டனை இருந்துகொண்டே அதன் கடுமை மட்டும் இறங்குவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினையை நான் அறியேன்.

ஆகவே ‘தண்டனைத் தணிப்புக் காரணங்கள்’ என்பதே என் முடிவு. ‘சூழ்நிலை’யை விட்டுக் ‘காரண’த்தைக் கொண்டதற்கும் ஒரு காரணம் உண்டு. பேச்சில் சூழ்நிலை என்பது பெரும்பாலும் சம்பவம் நடந்த நேரத்து நிலைமையையே குறிக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய பிள்ளைப்பருவத்தை அது எட்டிப் பிடிப்பதில்லை. தனித்தமிழ் அன்பர்கள் தண்டனைக்குப் பதில் ‘ஒறுப்பு’ என்பார்கள். அவர்கள் பற்றை மதிக்கிறேன், வள்ளுவர் ஆண்ட சொல் என்பதையும் அறிவேன். எனினும் “ஒறுப்புத் தணிப்பு” என்று நீதிபதி சொன்னால் கூண்டில் நிற்பவருக்கே புரியாது. தன் உயிரையும் வாழ்நாளையும் பற்றிய தீர்ப்பு ஒருவருக்கு முதல் முறை கேட்கும்போதே புரிய வேண்டும். தூய்மை அதற்குப் பிறகுதான்.

கருத்து நமக்குப் புதியது என்றும் யாரும் எண்ண வேண்டாம். வெருவந்த செய்யாமை அதிகாரத்தில் “கடிதோச்சி மெல்ல எறிக” என்று இருக்கிறது. ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, அடி விழும்போது மெல்ல விழட்டும் என்கிறார். குற்றத்தைக் குற்றம் என்று உரக்கச் சொல்வதும், தண்டிக்கும் கையை அளவோடு இறக்குவதும் ஒரே அடியில் அடங்கியிருக்கின்றன. அதற்கு முந்தைய குறள் ‘தக்காங்கு நாடி’ என்று தொடங்குகிறது. முதலில் தக்கவாறு ஆராய வேண்டும்.

அந்த ஆராய்ச்சிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதைத் தொடர்கள் காட்டுவதே இல்லை. குற்றவாளி என்ற முடிவும் தண்டனையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2)ஆம் பிரிவில், குற்றவாளி என முடிவு செய்த பின் தண்டனை குறித்து அவரைத் தனியே கேட்க வேண்டும் என்றது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258ஆம் பிரிவு. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை விதிக்கும் முன் கடுமையாக்கும் காரணங்களையும் தணிப்புக் காரணங்களையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது. 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் இன்னும் தெளிவாக, அத்தகைய வழக்குகளில் குற்றவாளியின் இளமைக்காலக் குடும்பப் பின்னணியையும், அதில் வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா என்பதையும் விசாரணை நிலையிலேயே திரட்டச் சொன்னது. அமெரிக்காவிலும் 1982இல் எடிங்ஸ் எதிர் ஓக்லகோமா வழக்கில் இதே கேள்வி வந்தது. பதினாறு வயதில் காவல் அலுவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற அச்சிறுவனின் அடிபட்ட பிள்ளைப்பருவத்தைக் கருத்தில் கொள்ளச் சட்டத்தில் வழியில்லை என்று கீழ் நீதிமன்றம் கருதியிருந்தது. கருத்தில் கொண்டே ஆக வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை விலக்கியது. அவன் செய்தது சரி என்று அத்தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. இத்தகைய தீர்ப்பு வரும் காட்சியை ‘நியாயப்படுத்தும்’ என்று மொழிபெயர்த்தால், நீதிமன்றம் சொல்லாததை அதன் வாயில் திணித்ததாகும்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் கையாளும் இன்னொரு சொல்லும் என்னைப் புண்படுத்துகிறது: ‘சிறுவர் துஷ்பிரயோகம்’. பிரயோகம் என்றால் பயன்படுத்துதல்; துஷ்பிரயோகம் என்றால் தவறாகப் பயன்படுத்துதல். அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், ஏனென்றால் அதிகாரத்துக்கு நற்பயன் ஒன்று உண்டு. குழந்தை பயன்படுத்துவதற்கான பொருளா? தவறாகப் பயன்படுத்தினான் என்றால் சரியாகப் பயன்படுத்த ஒரு வழி இருந்தது என்று ஆகிவிடாதா? கொடுமை, வன்கொடுமை என்ற சொற்கள் இருக்கின்றன. செய்தவனின் கை அவற்றில் தெரிகிறது. ‘சிறுவயதுக் கொடுமை’ என்று சொன்னால் எந்த வீட்டுக் கூடத்திலும் புரியும்.

நெடுந்தொடர்களில் இக்கதை வரவேண்டும் என்பதே என் விருப்பம். நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒன்றை அவை நடுக்கூடத்துக்குக் கொண்டுவருகின்றன. சிறுவயதில் பட்டதைத் தண்டனையின்போது எடைபோடத்தான் வேண்டும் என்றும் நான் நம்புகிறேன். ஆனால் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாமல் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் அக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ‘உன் துன்பம் உன் கொலையை நியாயப்படுத்துகிறது’ என்ற வசனம், அவர்கள் பட்ட துன்பத்தைக் குற்றத்தின் முதற்படியாக ஆக்கிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களை அப்படியே பார்க்கத் தொடங்குவார்கள்.

குரல் மாற்றுவோரிடம் ஒரு நடைமுறைத் தடை உண்டு என்பதையும் அறிவேன். நடிகரின் உதடு மூடுவதற்குள் தமிழ் வாக்கியம் முடிய வேண்டும். ‘தண்டனைத் தணிப்புக் காரணங்கள்’ நீளம் என்றால், தண்டனை என்ற சொல் வாக்கியத்தில் வேறிடத்தில் வருமாறு அமைத்துக்கொண்டு ‘தணிப்புக் காரணம்’ என்று சுருக்கலாம். சொல்லையே விட்டுவிட்டுப் பொருளை மட்டும் சொன்னாலும் போதும். அந்த நீதிபதிக்கு நான் இப்படி எழுதிப் பார்த்தேன்: “நீ செய்தது கொலை. சிறுவயதில் நீ பட்ட கொடுமையைக் கருதி, தண்டனையைத் தணிக்கிறேன். பதினைந்து ஆண்டுச் சிறை.” அக்காவிடம் படித்துக் காட்டினேன். “இப்பச் செரி” என்றவர், சற்றுப் பொறுத்து, “அந்தப் பையன அடிச்சவன என்ன பண்ணுனாங்க?” என்று கேட்டார். தொடரில் அதைப் பற்றி இதுவரை எதுவும் வரவில்லை.