டிஎன்ஏ ஜெல் கரைந்தால் என்ன அர்த்தம்?

டிஎன்ஏ என்றதும் மனசு பரம்பரை, மரபணு என்றுதான் போகும். கொஞ்ச நேரம் அதை ஓரங்கட்டிவிட்டு டிஎன்ஏவை ஒரு நூலாகப் பாருங்கள், தனக்குப் பொருந்தும் ஜோடியை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் நூல்.

ஹைட்ரோஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் ஒழுகாது, ஏனென்றால் உள்ளே பாலிமர் சங்கிலிகள் அங்கங்கே முடிச்சுப் போட்டு வலையாக நிற்கின்றன. அந்த முடிச்சுகளை டிஎன்ஏவால் போடலாம்: பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் சங்கிலிகளில் குட்டையான டிஎன்ஏ இழைகளைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் ஜோடி சேரக்கூடிய ஒரு நீள இழையைக் கலந்தால் கரைசல் இறுகிவிடும்.

சூட்சுமம் அந்த நீள இழையில்தான். அதற்குள் ஒரு அப்டமர் இருக்கும், அதாவது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைச் சுற்றி மடிந்து கவ்விக்கொள்ளும் வரிசை. (இப்படிப்பட்ட வரிசைகளைப் பொறுக்கியெடுக்கும் முறை 1990-இல் டிஎன்ஏவின் உறவுக்கார மூலக்கூறான ஆர்என்ஏவில் தொடங்கியது.) நாம் கண்டறியத் தேடும் பொருள், அதாவது அந்த மூலக்கூறு, வந்ததும் இழை அதைக் கவ்வுவதற்காக மடிகிறது, பழைய ஜோடியை விடுகிறது, முடிச்சு அவிழ்கிறது, ஜெல் கரைகிறது.

சரி, கரைந்தது எப்படித் தெரியும்? எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது: ஜெல்லுக்குள் அமைலேஸ் நொதியை அடைத்துவைத்து, வெளியே ஸ்டார்ச் கரைசலை ஊற்றுகிறார்கள். ஜெல் கரைந்தால் நொதி வெளியே வந்து ஸ்டார்ச்சை உடைத்துவிடும், அப்புறம் அயோடின் விட்டாலும் கருநீலம் வராது. நிறம் வந்தால் பொருள் இல்லை, வராவிட்டால் இருக்கிறது. பார்க்கக் கண் போதும்.

ஆனால் ஒரு மூலக்கூறு ஒரு முடிச்சைத்தான் அவிழ்க்கும், ஜெல் சரிய ஏராளமான முடிச்சுகள் அவிழ வேண்டும், அதனால் மிகக் குறைந்த அளவு தப்பிவிடலாம். இதற்கு டிஎன்ஏவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் தொழில்நுட்பம் வழி திறந்தது. காஸ்12ஏ என்ற நொதி தன் இலக்கு வரிசையைக் கண்டுவிட்டால், அருகிலுள்ள ஒற்றை இழை டிஎன்ஏக்களையெல்லாம் சரமாரியாக வெட்டும். 2019-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்தே எபோலா வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டறியும் காகிதக் கருவியைச் செய்துகாட்டினார்கள்: இணைப்பு இழைகள் வெட்டுப்பட்டால் ஜெல் அடைப்பு உருவாகாது, திரவம் காகிதத்தில் ஓடும்.

என்னைக் கேட்டால் பெரிய சவால் ரத்தம்தான். அதிலுள்ள நியூக்ளியேஸ் நொதிகள் டிஎன்ஏவைத் தின்றுவிடும், தேடிய பொருள் இல்லாமலேயே ஜெல் கரையும், பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எனவே எதையும் கவ்வாத வரிசை கொண்ட இன்னொரு ஜெல்லைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதுவும் கரைந்தால் அந்தச் சோதனை செல்லாது.