திறந்தமூல மென்பொருளை விற்கலாம், அதன் பெயரை விற்க முடியாது

மலேசியாவில் பாயான் லெப்பாஸிலும் பங்சார் சவுத்திலும் உள்ள சிறு நிறுவனங்கள் பல, திறந்தமூல மென்பொருளை (நிரலை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் மென்பொருளை) எடுத்து, நாலைந்து வசதிகளைக் கூட்டி, பழைய பெயரோடு ‘புரோ’ என்று ஒட்டி விற்கின்றன. கேட்டால் உரிமத்தைக் காட்டுவார்கள். அந்த உரிமம் நிரலுக்கு மட்டும்தான். பரவலாகப் பயன்படும் திறந்தமூல உரிமங்களில் அப்பாச்சி 2.0 உரிமத்தின் 6ஆம் பிரிவும், மொஸில்லா 2.0 உரிமத்தின் 2.3ஆம் பிரிவும் வர்த்தக முத்திரையை வெளிப்படையாகவே விலக்கிவைக்கின்றன. எம்ஐடி உரிமம் பெயரைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததை அனுமதி என்று கொள்ளக் கூடாது. 2006இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் தன் பதிப்பிலிருந்த பயர்பாக்ஸ் உலாவியை ஐஸ்வீசல் எனப் பெயர் மாற்ற நேர்ந்தது இந்த முத்திரைச் சிக்கலால்தான். பழைய பெயர் திரும்ப 2016 ஆயிற்று.

மூடுல் என்ற திறந்தமூலக் கற்றல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மூடுலுடன் இயங்கும் செருகுநிரல்’ என்று உண்மையை விவரிப்பது பொதுவாகப் பிரச்சினையில்லை. மூடுல் ஹோஸ்டிங் என்று விளம்பரம் செய்வதற்கோ அனுமதி வேண்டும். ‘வேர்ட்பிரஸ்’ என்ற முழுச்சொல்லை டொமைன் பெயரில் வைக்கவும் கூடாது.

பெயரை மாற்றும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. முகப்பு லோகோவை மாற்றிவிட்டு, பேவிகான் (உலாவித் தாவலில் தெரியும் சின்னம்), மின்னஞ்சல் வார்ப்புரு, நிறுவும் தொகுப்பின் பெயர், டாக்கர் இமேஜ் (மென்பொருளை இயக்கத் தயாராகக் கட்டிய பொதி), மலாய், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் ஆகியவற்றை விட்டுவிடுகிறார்கள். புதுப்பிப்பு முகவரி பழைய திட்டத்தின் சர்வரையே காட்டிக்கொண்டிருந்தால், அடுத்த அப்டேட் உங்கள் மாற்றங்களை அழித்துவிடும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம்: பழைய பெயர் வரும் இடத்தையெல்லாம் ஒரே கட்டளையில் தேடி மாற்றும்போது, பதிப்புரிமை அறிவிப்புகளும் மூல ஆசிரியர்களைக் குறிப்பிடும் நோட்டிஸ் கோப்பும் சேர்ந்தே போய்விடும். அவற்றை நீக்குவது உரிம மீறல். அப்பாச்சி உரிமத்தில், மாற்றிய கோப்புகளில் மாற்றியதையும் குறிப்பிட வேண்டும். ஆகவே கோப்புக் கோப்பாகப் பார்த்து மாற்றுங்கள், அவசரப்பட வேண்டாம்.

மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் பதிவேட்டில் மூலத் திட்டத்தின் பெயர் இல்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. பதிவில்லாத பெயருக்கும் இங்கே ‘பாசிங் ஆஃப்’ வழக்கு, அதாவது தன் பொருளைப் பிறர் பொருள் போலக் காட்டியதற்கான வழக்கு, உண்டு.

புதுப் பெயரை முடிவு செய்ததும், நிரலை வெளியிடுமுன் 2019 வர்த்தக முத்திரைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். பதிவிறக்கும் மென்பொருளுக்கு 9ஆம் வகுப்பு, இணையவழிச் சேவைக்கு 42ஆம் வகுப்பு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். நிரலாளரின் சொந்தப் பெயரில் போட்டால், அவர் விலகும் நாளில் முத்திரையை எழுத்துமூலம் மாற்றி வாங்கும் வேலை தனியாக வந்து சேரும்.